வெளியே போய் எடு, பாப்பா

ஜனவரி 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை. மாடி ஏறுகிறாள். ஏறாதே என்றால் கேட்பதில்லை. பெரியப்பா வீட்டு விவகாரம் ஒருவழியாக முடிந்தது. யார் விட்டுக்கொடுத்தது என்று நான் சொன்னால் நீ நம்பமாட்டாய். அண்ணன் சொல்லட்டும், அவன் சொன்னால்தான் சுவை.

போனில் சொல்ல வேண்டியதை எதற்குக் கடிதமாக எழுதுகிறார் என்று நினைக்காதே. போனில் நீ "ம், சரிப்பா" என்றதும் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. அதற்குள் அம்மா போனை வாங்கிக்கொள்கிறாள். எழுதினால் குறுக்கே யாரும் வரமாட்டார்கள்.

முதலில் பேட்டரி. குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடுகிறது என்று போன வருஷம் நீ சொன்னாய். அது கெட்டுப்போனதில்லை. உள்ளே நடக்கிற ரசாயன வேலை குளிரில் மந்தமாகிறது, அவ்வளவுதான். ஒரு பேட்டரி கேமராவில் இருக்கட்டும், இன்னொன்று கோட்டுக்கு உள்ளே, உடம்புச் சூடு படுகிற பையில் இருக்கட்டும். முதலாவது தீர்ந்ததும் மாற்றிப் போட்டு, தீர்ந்ததை உள்ளே வை. சூடு ஏறினதும் அது இன்னும் கொஞ்சம் படம் தரும். தூக்கிப் போட்டுவிடாதே.

இனி போன வாரம் நீ அனுப்பின படம். ரொம்ப நாள் கழித்து ஒன்று வந்ததே என்று அம்மா உடனே எதிர்வீட்டுக்குக் காட்டப் போய்விட்டாள். நான் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். தொழில் புத்தி போகுமா? சிக்கடிக் குருவி நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. கறுப்புத் தொப்பி, வெள்ளைக் கன்னம், தலை கொஞ்சம் சாய்ந்து, கண்ணில் வெளிச்சப் புள்ளி. ஆனால் படம் முழுக்க ஒரு மழுக்கம். ஃபோகஸ் தப்பவில்லை, கை ஆடவும் இல்லை. அந்த மழுக்கம் ஜன்னல் கண்ணாடியால் வருவது. நீ உள்ளே இருந்து எடுத்திருக்கிறாய்.

இடது ஓரத்தில் மஞ்சளாக ஒரு வட்டம் தெரிகிறதே, அது உன் மேஜை விளக்கு. வலது பக்கம் சாம்பல் நிறத்தில் தொங்குவது திரைச்சீலை. படத்தோடு வந்த விவரத்தில் நேரம் பகல் ஒரு மணிக்கு மேல் என்று இருந்தது. பகல் ஒரு மணிக்கு விளக்கு எரிகிறது, திரை பாதி மூடியிருக்கிறது.

நான் படத்தைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன்.

ஜன்னலைத் திறந்துவிட்டு எடுத்தாலும் சரியாக வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். அறைக்குள் இருக்கிற சூடான காற்று வெளியே பாயும்போது வெளிக்குளிரோடு கலந்து அலையும். வெயில் காலத்தில் தார்ச்சாலை மேல் தெரிகிற அதே நெளிவு. நீ வைத்திருக்கிற 300 மி.மீ. தூர லென்ஸில் அது இன்னும் பெரிதாகத் தெரியும். எத்தனை விலை உயர்ந்த லென்ஸ் ஆனாலும் அந்த நெளிவை வெட்டமுடியாது. காரில் உட்கார்ந்து ஹீட்டரைப் போட்டுக்கொண்டு எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். அதனால் வெளியே போய் எடு. வேறு வழி கிடையாது.

அந்த ஊர் வெளிச்சத்தின் அருமை உனக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம். இங்கே காலை ஒன்பது மணிக்கு மேல் வெளியில் யாரையும் நிற்க வைத்து எடுக்கமுடியாது. சூரியன் மேலே ஏறிவிடும், கண் குழிக்குள் இருட்டு, மூக்கு நிழல் மேலுதட்டில். நல்ல வெளிச்சம் என்பது காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். உனக்கு அப்படியா? 45 டிகிரி அட்சரேகையில் டிசம்பர் 21 அன்று நண்பகலில்கூட சூரியன் தொடுவானத்துக்கு மேலே 22 டிகிரியைத் தாண்டாது. நாள் முழுக்கச் சாய்ந்த வெளிச்சம். நான் ஆயுசு முழுக்க விளக்கு வைத்து, குடை வைத்து, ஸ்டாண்டை இழுத்து இழுத்து உண்டாக்கப் பார்த்த வெளிச்சம் உன் வாசலில் சும்மா கிடக்கிறது.

அதுபோக, கீழே வெள்ளை. ஸ்டூடியோவில் முகத்துக்குக் கீழே நான் தெர்மாகோல் அட்டை பிடிக்கச் சொல்வேனே, கை வலிக்கிறது என்று நீ அழுவாயே, அந்த வேலையைப் பனி செய்கிறது. புதிதாய் விழுந்த பனி தன்மேல் படுகிற வெளிச்சத்தில் 80, 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். மரத்தில் உட்கார்ந்த பறவையின் அடிவயிறு இங்கே எப்போதும் கறுப்பாகத்தான் விழும். உன் போன வருஷத்துப் படங்களில் இறக்கையின் அடிப்பக்கத்தில் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. அது பனி கொடுத்தது.

கேமராவில் வெளிச்சம் அளக்கிற மீட்டரை மட்டும் நம்பிவிடாதே. மீட்டருக்குத் தெரிந்தது நடுத்தரச் சாம்பல் ஒன்றுதான். ஃபிரேம் முழுக்க வெள்ளையைக் காட்டினால் 'ஐயோ வெளிச்சம் அதிகம்' என்று குறைத்துவிடும், பனி அழுக்குத் துணி நிறத்தில் விழும். வெள்ளைச் சட்டைக்காரர்கள் வரிசையாக நிற்கிற குரூப் போட்டோவில் நான் எப்போதும் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரட்டிப்பாக, கூட்டி வைப்பது இதற்குத்தான். பனிக்கு ஒன்று முதல் இரண்டு வரை கூட்டு. வெயில் அடித்தால் வெள்ளை வெந்துவிடாமல் கேமரா காட்டுகிற வெளிச்ச வரைபடம், அந்த ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தைப் பார்த்துக்கொள். பனியில் நிழல் நீலமாக விழுகிறதே, அதைக் கம்ப்யூட்டரில் துடைத்துவிடாதே. நிழலுக்குள் சூரியன் எட்டாது, வானத்து வெளிச்சம்தான் எட்டும். அதனால் அது நீலமாகத்தான் இருக்கவேண்டும். நீ இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வேலிப் படத்தில் துடைத்துவிட்டாய். நான் அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

பேட்டரியை உள்பையில் வைக்கச் சொன்னேன் அல்லவா.

பழைய செகானிக் மீட்டரை அலமாரியில் இருந்து எடுத்து அறை அறையாக அளந்து பார்த்தேன். வேலை இல்லாதவன் வேலை என்று அம்மா சொன்னாள். விளக்குப் போட்ட அறைக்கும், மேகம் கவிந்த வெளிப்புறத்துக்கும் நடுவே சுலபமாக ஐந்து ஸ்டாப் இருக்கிறது. ஒரு ஸ்டாப் என்றால் இரட்டிப்பு. ஐந்து என்றால் முப்பத்திரண்டு மடங்கு. வெளிச்சத்தை அளக்கிற லக்ஸ் கணக்கில் சொன்னால் வீட்டு விளக்கு நூறு முதல் முந்நூறு வரை தரும். சூரியனே தெரியாத பகலில்கூட வெளியே சில ஆயிரம் இருக்கும். கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கண்மணி விரிந்துகொடுத்து, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று நம்மை ஏமாற்றிவிடும். உடம்பு ஏமாறுவதில்லையாம்.

நார்மன் ரோசந்தால் என்று ஒரு டாக்டர். தென்னாப்பிரிக்காவில் வெயிலில் வளர்ந்தவர், அமெரிக்காவுக்குப் போனபின் குளிர்காலம் வந்தால் தன் உற்சாகம் வடிந்துபோவதைத் தானே கவனித்திருக்கிறார். 1984ஆம் வருஷம் அவரும் கூட இருந்தவர்களும் அதைப் பற்றி ஆராய்ந்து எழுதினார்கள். குளிர்காலத்தில் பகல் சுருங்கும்போது சிலருக்கு வருகிற மனச்சோர்வு. நிறையத் தூக்கம், எதிலும் பிடிப்பு இல்லாமை, யாரோடும் பேசத் தோன்றாமை. காலையில் அரைமணி நேரம் பத்தாயிரம் லக்ஸ் விளக்குக்கு முன்னால் உட்காரச் சொல்கிறார்களாம். அந்த விளக்கு உன் ஊரில் கிடைக்கும். டாக்டரைக் கேட்டு வாங்கவேண்டும், கண்ணில் ஏதாவது கோளாறு இருந்தால் கூடாதாம். உனக்காகச் சொல்லவில்லை. வெளிச்சத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது.

போன வருஷத்துப் பெண் கார்டினல் படத்தைப் பன்னிரண்டுக்குப் பதினெட்டு பிரிண்ட் போட்டு ஃபிரேம் செய்து ஹாலில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் "அந்தச் சிவப்புக் குருவி படம் எங்கே?" என்று ஆண் கார்டினலைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும். ஆண் கார்டினலை யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். குளிர்காலத்திலும் அது நிறம் மங்குவதில்லை. வெள்ளைமேல் சிவப்பு விழுந்தால் பாதி வேலை தானாக முடிந்துவிடும். பெண்ணுக்கு மண் நிறம், கொண்டையிலும் இறக்கையிலும் மட்டும் தேய்த்துவிட்ட மாதிரி கொஞ்சம் சிவப்பு. பனி பெய்துகொண்டிருக்கும்போது அதைக் கண் மட்டத்துக்குப் போய், பின்னால் இருந்த புதரை முழுக்கக் கரைத்து எடுத்திருந்தாய். நீ பனியில் முட்டி போட்டிருக்கிறாய் என்று படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்து அப்படி வந்ததில்லை. வேலைக்கு வைத்த பையன்கள் எத்தனை பேர் வந்து போனார்கள், ஒருவனும் முட்டி போடமாட்டான், பேன்ட் அழுக்காகிவிடுமாம்.

அப்படி எடுத்தவள் ஜன்னலுக்குள் உட்கார்ந்துகொண்டு எடுக்கலாமா?

நவம்பரில் இருந்து ஞாயிற்றுக்கிழமைப் படம் நின்றுபோயிற்று. வேலை அதிகம் என்றாய். சரி. அண்ணனுக்கு மட்டும் ராத்திரி மூன்று மணிக்குப் பதில் போடுகிறாயாம். உன் ஊர் மூன்று மணி. அவன் பெருமையாகச் சொன்னான், மண்டு. அந்த நேரத்தில் நீ ஏன் விழித்திருக்கிறாய் என்று அவனுக்குத் தோன்றவில்லை. எனக்கு ஒரு வரி எழுத நேரம் இல்லை, அவனுக்கு இருக்கிறது. போகட்டும்.

அக்டோபரில் நடந்ததைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. நானும் அம்மாவும் பேசி முடித்துவிட்டோம். எங்களுக்கு உன்மேல் ஒரு வருத்தமும் கிடையாது. அத்தை ஏதாவது சொல்லியிருந்தால் அது அத்தையோடு. இதை ஒரு தடவைதான் எழுதுவேன்.

சிக்கடி பற்றி நீ எனக்குச் சொன்னதைவிட இப்போது எனக்கு நிறையத் தெரியும், படித்துவிட்டேன். எடை பத்துப் பன்னிரண்டு கிராம். அதை வைத்துக்கொண்டு பூஜ்ஜியத்துக்கு எவ்வளவோ கீழே போகிற ராத்திரியை ஓட்டவேண்டும். பகலில் தின்ற கொழுப்பைத்தான் ராத்திரி முழுக்க நடுங்கி நடுங்கி எரிக்கிறது. அதுவும் போதாமல், உடம்புச் சூட்டையே பத்து டிகிரிக்கு மேல் இறக்கிக்கொள்கிறதாம், செலவு குறையட்டும் என்று. விடிந்ததும் திரும்ப ஏற்றிக்கொண்டு சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடவேண்டும். இன்றைக்கு மனசு சரியில்லை என்று பொந்துக்குள்ளேயே கிடந்தால் அடுத்த ராத்திரி தாங்காது. குண்டு குண்டாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நன்றாய்த் தின்று கொழுத்திருக்கிறது என்று அம்மா நினைத்திருந்தாள். அது இறகைச் சிலிர்த்து உள்ளே காற்றைப் பிடித்து வைத்திருப்பது. அந்தக் காற்றுதான் கம்பளி. காலில் இறகு இல்லாத வாத்து ஐஸ் மேல் எப்படி நிற்கிறது என்று ஒருமுறை கேட்டாய் அல்லவா, அதற்கும் விடை கிடைத்தது. காலுக்குப் போகிற சூடான ரத்தக் குழாயும் திரும்பி வருகிற குளிர்ந்த குழாயும் ஒட்டியே ஓடுகின்றன. போகிறது தன் சூட்டை வருகிறதிடம் கொடுத்துவிட்டுத்தான் பாதத்துக்கு இறங்குகிறது. பாதம் சில்லென்றே இருக்கும், அதனால் சூடு வெளியே வீணாவது குறைவு.

இன்னொன்று. குளிர்காலத்தில் சிக்கடி தனியாக இருப்பது அபூர்வம். ஒரு கூட்டமாகத் திரியும், அதோடு நட்ஹாட்ச், சின்ன மரங்கொத்தி எல்லாம் சேர்ந்துகொள்ளும். காரணம் சிக்கடியின் வாய். பருந்தோ ஆந்தையோ கண்ணில் பட்டால் அது போடுகிற சத்தத்தின் கடைசியில் "டீ டீ டீ" என்று வருமே, ஆபத்து பெரிதாக இருந்தால் டீ-க்களின் எண்ணிக்கை கூடுமாம். மற்றப் பறவைகள் அதைக் கேட்டுப் பிழைத்துக்கொள்கின்றன. உனக்குப் படம் எடுக்கவும் அதுதான் வழி. முதலில் சிக்கடிக் கூட்டம் எங்கே இருக்கிறது என்று காதால் கண்டுபிடி. அங்கேயே அசையாமல் நில். பின்னாலேயே மற்றதெல்லாம் வரும். துரத்திக்கொண்டு போகாதே. நீ கிட்டப் போய் ஒரு தடவை கிளப்பிவிட்டால், ராத்திரிக்கு வேண்டிய கொழுப்பில் கொஞ்சம் அதற்குச் செலவு. பகலே குட்டைப் பகல், அதில் சம்பாதித்தது. ஆந்தையைக் கண்டாலும் அப்படித்தான். எலியை வீசிக் கூப்பிட்டு எடுக்கிறார்களாம் சிலர். அப்படி எடுத்த படம் எனக்கு வேண்டாம்.

நீ தனியாக இருக்கிறாயா? அந்த வங்காளிப் பெண் இன்னும் கூட இருக்கிறாளா, வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டாளா? அம்மா கேட்கச் சொன்னாள்.

பென்ட்லியை உனக்குத் தெரியுமோ என்னவோ. வில்சன் பென்ட்லி, அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்கிற ஊர், விவசாயி. மைக்ரோஸ்கோப்பைக் கேமராவோடு கோத்து, 1885ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் ஒற்றைப் பனித்துகளைப் படம் எடுத்தார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. சூடே இல்லாத கொட்டகைக்குள், மூச்சுப் பட்டால் கரைந்துவிடுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். சாகும்வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். ஊரில் பைத்தியம் என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு வசந்தத்துக்குக் காத்திருந்த மாதங்களை அந்த மனுஷன் எதிர்பார்த்துக்கொண்டு இருந்தார், அவருக்கு அதுதான் சீசன். நட்சத்திரம் மாதிரி ஆறு கிளை விரிகிற துகள் மைனஸ் 15 டிகிரி வாக்கில்தான் நன்றாக வளரும் என்கிறார்கள். நீ 'தாங்கமுடியாத குளிர்' என்கிற நாள் அது. கறுப்புக் கம்பளிக் கையுறையை நீட்டிப் பிடித்தால் போதும், மேலே வந்து உட்காரும். மேக்ரோ லென்ஸ் இல்லாவிட்டால் என்ன, உன் போனிலேயே கிட்டத்தில் எடுக்க முடியும்.

பென்ட்லி 1931 டிசம்பரில் இறந்துபோனார். பனிப்புயலில் நடந்து வீட்டுக்கு வந்து, நிமோனியா. அதனால் புயல் எச்சரிக்கை இருக்கிற அன்றைக்குப் போகாதே. நான் போ போ என்று எழுதிவிட்டேன் என்று அதிலும் கிளம்பிவிடாதே. தொப்பி காதை மூடவேண்டும். குளிர் காற்று அடித்தால் போகாதே. வெயில் இருந்தால் கட்டாயம் போ. மேகமாக இருந்தாலும் போ.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். எழுதுவதா வேண்டாமா என்று அம்மாவிடம் கேட்டேன், எழுதுங்கள் என்றாள்.

ஸ்டூடியோவை மூடின வருஷம் எனக்கு முதுகுவலி என்று உங்கள் இரண்டு பேருக்கும் சொல்லியிருந்தோம். நீ ஹாஸ்டலில் இருந்தாய். முதுகில் ஒன்றும் இல்லை. காலையில் எழுந்து உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். கையைத் தூக்கிச் சட்டை போட்டுக்கொள்வதே பெரிய வேலையாக இருந்தது. மத்தியானம் டார்க்ரூமுக்குள் போய்க் கதவைத் தாழ் போடாமல் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சிவப்பு விளக்குகூடப் போடுவதில்லை. கழுவுவதற்கு ஒரு ரோல் கிடையாது, தொட்டியில் டெவலப்பர் காய்ந்து கறை பிடித்துக் கிடந்தது. ஒருநாள் அம்மா தட்டாமல் கதவைத் திறந்துவிட்டாள். "ஃபிலிம் பாழாப் போச்சு!" என்று கத்தினேன். உள்ளே ஃபிலிம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் அவள்தான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். மனநல டாக்டர். மாத்திரை கொடுத்தார், சாப்பிட்டேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, போகப் போகக் குறைந்தது. கூடவே, தினமும் வெயிலில் நட என்றார். நடந்தேன். அந்த நடையிலும் பறவையோ மரமோ எதுவும் என் கண்ணில் படவில்லை, பொய் சொல்லக்கூடாது. சும்மா நடந்தேன். பார்க்கிற ஆசை ரொம்ப நாள் கழித்துத்தான் வந்தது. வந்தபிறகு நீ படம் அனுப்ப ஆரம்பித்தாய், அது என் அதிர்ஷ்டம். மாத்திரை விஷயம் பெரியப்பாவுக்குக்கூடத் தெரியாது. அப்போது வெட்கமாக இருந்தது. இப்போது இல்லை. சர்க்கரைக்குச் சாப்பிடுகிறேன், அதுக்கு வெட்கப்படுகிறேனா?

சரி. கையுறை. நுனி திறக்கிற கையுறை வாங்கு, அதற்கு உள்ளே மெல்லியதாக இன்னொன்று போடு. வெறும் விரலால் இரும்பு டிரைபாட்டைத் தொடாதே. வ்யூஃபைண்டரில் மூச்சு விடாதே, உறைந்துவிடும். திரும்பி வீட்டுக்குள் நுழைவதற்கு முன், வெளியிலேயே கேமராவை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் காற்றுப் புகாமல் மூடிவிடு. உள்ளே வந்ததும் ஈரம் பைமேல் படியட்டும், லென்ஸ் மேல் வேண்டாம். இரண்டு மணி நேரம் கழித்துப் பையைத் திற. கார்டை மட்டும் முன்னாலேயே எடுத்துக்கொள், இல்லாவிட்டால் உனக்குப் பொறுக்காது, பையைத் திறந்துவிடுவாய், எனக்குத் தெரியும்.

ஷட்டர் வேகம், உட்கார்ந்திருக்கிறதுக்கு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு போதும். பறக்கிறதுக்கும் இறங்குகிறதுக்கும் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. வெளிச்சம் குறைந்தால் கூட்டி வைக்கிற ஐ.எஸ்.ஓ எண்ணைப் பார்த்துப் பயப்படாதே. நாங்கள் 400 ஏ.எஸ்.ஏ ரோலையே அதிசயமாகப் பார்த்தவர்கள், உன் கேமரா 3200-இல் கொடுப்பதை எங்களால் பகலில்கூடக் கொடுக்க முடிந்ததில்லை. கார்டினல் அந்தி மங்கும்போது கடைசி ஆளாகத் தீவனத்துக்கு வரும் என்று நீதானே சொன்னாய். புள்ளி புள்ளியாக வந்தால் வரட்டும், எடு.

பகல் நீள ஆரம்பித்துவிட்டது, கவனித்தாயா? டிசம்பர் 21-தான் குட்டைப் பகல் என்றாலும், உன் அட்சரேகையில் மாலை அதற்குப் பத்து நாள் முன்னாலேயே திரும்பிவிட்டது. சூரியன் தாமதமாக விழ ஆரம்பித்துவிட்டது. காலைதான் ஜனவரி முதல் வாரம் வரை பிடிவாதம் பிடித்தது. இந்தக் கடிதத்தை எழுதுகிற தேதிக்குக் கிட்டத்தட்ட அரைமணி நேரம் கூடியிருக்கும். சிக்கடிக்கு அது தெரியும். அவ்வளவு பனி கிடக்கும்போதே, இந்த மாதத்திலேயே, ஆண் தன் இரண்டு சுரப் பாட்டை ஆரம்பித்துவிடும். முதல் சுரம் உயரம், இரண்டாவது இறக்கம். குளிர் குறைந்ததால் இல்லை, பகல் நீண்டதால். ஜன்னல் மூடியிருந்தால் அது கேட்காது.

பிப்ரவரியில் நாலு நாள் உலகம் பூராவும் பறவை எண்ணுகிறார்கள், கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுன்ட். 1998-இல் அங்கே ஆரம்பித்தது, 2013-இல் இருந்து எந்த நாட்டில் இருந்தும் எண்ணலாம். ஒரே இடத்தில் பதினைந்து நிமிஷம் நின்றால் போதும். பார்த்ததை ஈபேர்ட் என்கிற இணையதளத்தில் போடவேண்டும், அதை அண்ணன் எனக்குக் காட்டிக்கொடுத்துவிட்டான். நீ அங்கே எண்ணு, நான் இங்கே எண்ணுகிறேன். உனக்குக் காலை, எனக்கு ராத்திரி ஆகிவிடும், அதனால் நான் எனக்கு விடிகிறபோது எண்ணி உனக்கு அனுப்பிவிடுகிறேன், நீ எழுந்ததும் பார்த்துவிட்டு வெளியே போ. என் பட்டியலில் காக்காயும் மைனாவும்தான் இருக்கும், சிரிக்காதே. வாலாட்டி ஒன்று தினமும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வருகிறது, அது அன்றைக்கும் வந்தால் என் மானம் தப்பும். அன்றைக்குப் படம் எடுக்க வேண்டும் என்றுகூட இல்லை. பதினைந்து நிமிஷம் வெளியே நின்றாய் என்று எனக்குத் தெரிந்தால் போதும்.

பேட்டரி உள்பையில். மறக்காதே.

படம் நன்றாக வராவிட்டாலும் அனுப்பு. மழுங்கினது, ஆடினது, பறவை பறந்துபோய் வெறும் கிளை மட்டும் இருப்பது, எல்லாம் அனுப்பு. நான் குறை சொல்லமாட்டேன். சொல்வேன், ஆனாலும் அனுப்பு. பணம் ஏதாவது வேண்டுமா? டிக்கெட் போட்டு அனுப்பட்டுமா, இல்லை அம்மாவை அங்கே அனுப்பட்டுமா? முழங்காலைப் பற்றிக் கவலைப்படாதே, அதெல்லாம் வந்துவிடுவாள். நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏன் என்று கேட்கமாட்டோம்.

கீழே அம்மா எழுத இடம் விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா

பாப்பா, உங்கப்பா வளைச்சு வளைச்சு எழுதியிருக்கார். நான் நேராவே கேக்கறேன். ராத்திரி தூங்கறியா? தனியா உக்காந்து அழறியா? அங்க டாக்டரைப் பாத்தியா இல்லையா? சனிக்கிழமை உன் ஊர் காலைல பத்து மணிக்குக் கூப்பிடுவேன். எடு. பேச வேண்டாம்னா பேசாத, சும்மா லைன்ல இரு. எடுக்கலேன்னா அண்ணன் ஞாயித்துக்கெழமையே டிக்கெட் போடறான், சொல்லிட்டேன். அம்மா.